எரிந்துபோன சர்ச்சுக்கு வழி

காலை ஏழு மணிக்குக் கள்ளக்குறிச்சியில் அருள்மொழி ஹெட்போனை மாட்டும்போது, அமெரிக்காவின் வில்லோ ஃபோர்க்கில் முந்தின நாள் ராத்திரிச் சாப்பாடு முடிந்திருக்கும். அந்த ஊர்க் கால்நடை ஆஸ்பத்திரி சாயங்காலம் கதவைச் சாத்திவிடும். அதற்குப் பிறகு யாருடைய மாட்டுக்கு என்ன ஆனாலும் அவர்கள் அடிக்கும் போன் கடல் தாண்டி வந்து, சாதுல்லா பாயின் ஹார்டுவேர் கடை மாடியில் அருள்மொழியின் காதில் ஒலிக்கும். அவள் விவரம் கேட்டு, அன்று ராத்திரி முறையில் இருக்கும் டாக்டரைக் கூப்பிட்டு, போகவேண்டிய வழியைச் சொல்லவேண்டும். வேலை அவ்வளவுதான்.

மாடியில் அந்த நிறுவனத்தை நடத்துவது பாயின் மகன் சுஐப். சென்னையில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, ஊருக்குத் திரும்பி ஆறு பெண்களை வைத்து ஆரம்பித்தது. பக்கத்து மேஜை ஜெபீனாவுக்கு டெக்சாஸில் ஒரு பல் டாக்டர். அருள்மொழிக்கு மாடுகள்.

"கரும்பு வெட்ற வூட்டுப் பொண்ணு, மாட்டு பாஷை தெரியும்னு குடுத்துட்டாரு போல" என்று ஜெபீனா சீண்டுவாள்.

மாட்டு பாஷை தெரியுமோ என்னவோ, மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்தில் அவள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அப்பா முனியனும் அம்மா ஆயம்மாளும் சீசனில் கரும்பு வெட்டுகிறவர்கள். பி.ஏ. இங்கிலீஷ் முடித்துவிட்டு, மகள் சர்க்கார் வேலைக்குப் போகாமல் இப்படி ஒரு வேலைக்குப் போனது ஆயம்மாளுக்குப் பிடிபடவில்லை.

"நம்மூட்டு மாடு கன்னு போட்டப்போ நீ எங்க இருந்த? அமெரிக்கா மாட்டுக்குப் பிரசவம் பாத்துக்கினு இருந்த" என்றாள் ஒருநாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அது அருள்மொழிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இதற்குத்தான் படித்தோமா? பார்க்காத ஊரில் பார்க்காத மனிதர்களுக்கு வழி சொல்ல நான் யார்?

வில்லோ ஃபோர்க் என்னவோ சின்ன ஊர்தான். மொத்தச் சனமும் ஒன்றுசேர்ந்தாலும் இங்கே மாரியம்மன் தேர்க் கூட்டத்தில் பாதி வராது. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். பிள்ளைகள் மஞ்சள் பஸ்ஸில் அடுத்த ஊருக்குப் போகிறார்கள். இருப்பது ஒரே ஒரு மளிகைக் கடை. விடிவதற்கு முன்பே தானியக் கிடங்கில் விவசாயிகள் காபி குடிக்கக் கூடுகிறார்கள். அங்கே ஆணியில் தொங்கும் கோப்பைகளில் ஒவ்வொருவருக்கும் ஒன்று. ரோட்டில் எதிரே வருகிறவர் யாராயிருந்தாலும் ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலைத் தூக்கி வணக்கம் வைப்பார்களாம். சாவு விழுந்த வீட்டுக்குச் சனங்கள் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பார்கள். பாத்திரம் மாறிப் போகாமலிருக்க அடியில் பேர் எழுதி டேப் ஒட்டியிருக்கும். நம் ஊரில் எவர்சில்வர் குண்டானில் பேர் வெட்டி வைப்பதுபோல.

இதையெல்லாம் அவளுக்குச் சொன்னது டாரிஸ் என்ற எழுபது வயது அம்மாள். புருஷன் போன பிறகு தனியாக மாடு வளர்க்கிறவர். நாய்க்கு மருந்து கேட்க என்று கூப்பிடுவார், மருந்தைத் தவிர எல்லாம் பேசுவார்.

சோதனை பிப்ரவரியில் வந்தது. அங்கே அது மாடுகள் கன்று போடும் காலம். வெய்ன் என்கிற விவசாயி கூப்பிட்டார். அவர்கள் பேசிய இங்கிலீஷை நம்மூர்ப் பேச்சில் வைத்தால்தான் அதன் சூடு தெரியும்.

"மாடு முக்கிக்கினே இருக்குது, கன்னு வரல. டாக்டரை அனுப்பு. தெக்கால ரோட்டைப் புடிச்சி வந்து, சர்ச்சாண்ட சோத்தாங்கைப் பக்கம் திரும்பச் சொல்லு."

அருள்மொழி அப்படியே டாக்டர் மேகனிடம் சொன்னாள். மேகன் நகரத்தில் படித்து, அந்த ஊருக்கு வந்து மூன்று மாதம் ஆன பெண். தெற்கு ரோட்டில் போனாள், போனாள், சர்ச்சே வரவில்லை. திரும்பி வந்து மறுபடி தேடினாள். ஏனென்றால் அந்தச் சர்ச் எரிந்துபோய் பல வருடம் ஆகிவிட்டது. ஊருக்கே தெரிந்த விஷயம், அதனால் யாரும் சொல்லவில்லை. டாக்டர் போய்ச் சேர்ந்தபோது கன்று செத்திருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரி மேலாளர் கேரல், சுஐப்பைக் கூப்பிட்டுப் பேசினார். சுஐப் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டுவிட்டு வெளியே வந்தான்.

"அருளு, அவங்க கத்தல. கத்தியிருந்தா தேவலை. மார்ச் கடைசி வரைக்கும் பாப்பாங்களாம். அதுக்குள்ள இன்னொரு தப்பு நடந்தா லைனைத் திரும்ப எடுத்துக்குவாங்க."

"என்னை மாத்திட்டு வேற ஆளைப் போடுங்கண்ணா."

"மாட்டைப் பத்தித் தெரிஞ்ச வேற ஆளு எனக்கு எங்க இருக்கு? அந்த லைன் போனா அந்த மேஜையும் போயிடும். அதான் விஷயம்."

அன்று மத்தியானம் ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவள் அந்தக் கன்றையே நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என்ன வார்த்தை என்றுதான் தெரியவில்லை. சங்கராபுரம் தாண்டி அவள் ஊர் நெருங்கும்போது கண்டக்டர் குரல் கொடுத்தார்.

"டென்டு கொட்டா யாருப்பா? எறங்கு எறங்கு."

முன்சீட்டில் மூட்டையோடு இருந்த வெளியூர்க்காரர் குனிந்து வெளியே பார்த்தார். கரும்புக் கொல்லையும் ஒரு டீக்கடையும்தான் இருந்தன.

"கொட்டா எங்கங்க?"

"சினிமாக் கொட்டா போயி இருவது வருசம் ஆவுது. பேரு மட்டும் தெனம் எறங்கி ஏறிக்கினு இருக்குது. நீ எறங்குய்யா."

பஸ்ஸே சிரித்தது. அருள்மொழி சிரிக்கவில்லை. பிறந்ததிலிருந்து அவள் இறங்கும் ஸ்டாப்பிங் அது. இல்லாத கொட்டாயில் இத்தனை வருடம் இறங்கியிருக்கிறாள். அந்த வெளியூர்க்காரர் கேட்ட கேள்வியை அவள் ஒருநாளும் கேட்டதில்லை, கேட்கத் தேவையும் இருந்ததில்லை. வில்லோ ஃபோர்க்கும் அப்படித்தானே? வெய்ன் ஊர்க்காரர், அவருக்குச் சர்ச் இருக்கிறது. மேகன் வெளியூர், அவளுக்கு இல்லை. நடுவில் நின்றது இவள். படித்த புத்தியில் கேட்டதை அப்படியே ஒப்பித்திருக்கிறாள்.

அடுத்த நாளிலிருந்து வழி சொல்லும் ஒவ்வொருவரிடமும் அவள் ஒரு கேள்வி கேட்டாள். "நீங்க சொல்றது இப்பவும் அங்க நிக்குதுங்களா?"

முதலில் திகைத்தார்கள். பிறகு சிரித்தார்கள். பிறகு அதையே சாக்காக வைத்துக் கதை பேச ஆரம்பித்தார்கள். சிவப்பு லாயம் காற்றில் விழுந்துவிட்டது, அதன் சிமென்ட் தரை மட்டும் இருக்கிறது. பெரிய ஆலமரம் மாதிரி ஒரு மரம் நின்றது, இடி விழுந்து போயிற்று, இப்போது தபால் பெட்டிதான் அடையாளம். எரிந்த சர்ச்சில் மிஞ்சியது ரோட்டோரக் கல் படிக்கட்டு மட்டும். போனவை எல்லாம் அவள் மனதில் இடம் பிடித்தன. டாரிஸ் அம்மாள் ஒரு முழு ரயிலையே கொடுத்தார்.

"எங்க ஊருக்கு ரயில் வந்துக்கினு இருந்தது, தெரியுமா? தண்டவாளத்தைப் பேத்துக்கினு போயிட்டாங்க. மேடு மட்டும் அப்படியே கெடக்குது. சர்ச்சுக்குப் பின்னால ஆரம்பிச்சி, வெய்ன் நெலத்துக்குள்ள பூந்து, எங்க வூட்டுக்குப் பின்னால போவும். பனி கொட்டினா நாங்க அது மேலதான் பள்ளிக்கூடம் போவோம். மேடு இல்லையா, காத்து பனியைத் தள்ளிக்கினு போயிடும்."

"நீ அந்த ஊர் பஞ்சாயத்து எலெக்‌ஷன்ல நில்லுடி, ஜெயிச்சிடுவ" என்றாள் ஜெபீனா.

மார்ச் மாதம் பாதி தாண்டியிருந்தது. கள்ளக்குறிச்சியில் காலையிலேயே வெயில் ஏறி, மாடியின் தகரக் கூரை காந்தியது. வில்லோ ஃபோர்க்கில் பனிப்புயல். டாரிஸ் கூப்பிட்டார். குரலில் வழக்கமான கதை எதுவும் இல்லை.

"தலச்சன் மாடு. கன்னோட ஒரு காலுதான் வெளிய தெரியுது. இன்னொண்ணு உள்ள மடங்கிக்கினு இருக்குது. என் கைக்கு எட்டல."

"மாட்டை எழுப்பி நிக்க வையுங்கம்மா. டாக்டரை நான் கூட்டியாரேன்."

மேகன் உடனே கிளம்பினாள். கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள். தெற்கு ரோட்டில் பனி மலையாகக் குவிந்து வண்டி நகரவில்லை. மேப் வேறு பாதை காட்டவில்லை. "எங்கே இருக்கேன்னே தெரியல. எல்லாம் வெள்ளையா இருக்குது."

அருள்மொழி கண்ணை மூடிக்கொண்டாள்.

"டாக்டர், வண்டி வெளிச்சத்துல பாருங்க. ரோட்டுக்குச் சோத்தாங்கைப் பக்கம் எங்கயும் போவாத கல் படிக்கட்டு ஒண்ணு தெரியுதுங்களா?"

வண்டிக் கதவு திறந்தது, காற்று போனுக்குள் இரைந்தது.

"தெரியுது. வெறும் படி. மேல ஒண்ணும் இல்ல."

"அதான் சர்ச். அங்கயே இருங்க."

படிக்குப் பின்னால் ரயில் மேடு. மேட்டின் வாயில் வெய்னின் இரும்பு கேட். மேட்டில் இன்றைக்கும் வண்டி போக முடியுமா, அவளுக்குத் தெரியாது. அறிந்தவர் ஒரே ஆள், எந்த ஆளின் கன்று அவளால் செத்ததோ அந்த ஆள். விரல் எண்ணுக்கு மேல் நின்றது. வேறு யாரிடமாவது கேட்கலாமா என்று ஒரு மனம் சொன்னது. கன்று அதுவரை காத்திருக்குமா என்று இன்னொரு மனம் கேட்டது. அழுத்திவிட்டாள்.

வெய்னிடம் விஷயத்தைச் சொல்லி முடித்தாள். அவர் கேட்டார்.

"அன்னிக்குச் சர்ச்சுக்கு வழி சொன்ன பொண்ணு நீதானா?"

"நான்தாங்க."

"சர்ச் இப்ப இருக்குதா?"

"இல்லைங்க. படிக்கட்டு மட்டும் இருக்குது. டாக்டர் அங்கதான் நிக்கிறாங்க."

மறுமுனையில் மூச்சு விடுவதுபோல ஒரு சிரிப்பு. "மேடு நல்லாத்தான் இருக்குது. நான் டிராக்டரை எடுத்துக்கினு முன்னால போறேன். என் பின்னாலயே வரச் சொல்லு."

அவள் டாரிஸிடம் திரும்பி வந்தாள். லைனை வைக்கவில்லை. அந்த அம்மாள் மாட்டைத் தடவிக்கொண்டே முணுமுணுப்பது கேட்டது, பிறகு டிராக்டர் சத்தம், ஆட்கள், கதவு. மாடியில் ஜெபீனா தன் பல் டாக்டரை விட்டுவிட்டு நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். சுஐப் வாசலில் நின்றான். மின்விசிறியை யாரோ நிறுத்தினார்கள்.

மேகன் "இழுங்க" என்றது கேட்டது. வெய்ன் ஏதோ திட்டினார். அப்புறம், மெல்லிசாக, மூக்கடைத்த மாதிரி ஒரு "ம்பே".

ஜெபீனா மேஜையை ஓங்கித் தட்டினாள். சுஐப் கீழே எட்டிப் பார்த்து, "வாப்பா, எல்லாருக்கும் டீ சொல்லுங்க" என்றான். கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்த சாதுல்லா பாய் அண்ணாந்து, "இன்னாடா விசேசம்?" என்றார்.

"கன்னு போட்டிருக்குது வாப்பா."

"யாரு வூட்ல?"

"நம்ம வூட்லதான்னு வையுங்க."

மார்ச் முடியும் முன்பே கேரல் கூப்பிட்டார். இந்த முறை சுஐப் கதவைச் சாத்தவில்லை, ஸ்பீக்கரில் போட்டான். தானியக் கிடங்கில் காலைக் காபி நேரத்தில் வெய்ன்தான் பேச்சை எடுத்தாராம். செத்த கன்றுக்காகக் கோபப்பட்ட அதே வாயால், அந்த லைனை மாற்றக் கூடாது என்றாராம். ஊரே தலையாட்டியதாம். ஆகவே ஒப்பந்தம் இன்னும் ஒரு வருடத்துக்குத் தொடரும். "புது டாக்டருக்கு வழி சொல்ல எங்களுக்கு வராது. இங்கேயே பிறந்தவங்களுக்கு எது இல்லைன்னே தெரிய மாட்டேங்குது" என்றார் கேரல்.

வீட்டில் செய்தியைச் சொன்னபோது ஆயம்மாள் வெட்டுக் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒப்பந்தம், வருடம் எதுவும் அவள் காதில் ஏறவில்லை. நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"காளையா, கெடேரியா?"

"கெடேரிம்மா."

"காலு மடங்கியிருந்துதுன்ற. எந்திரிச்சி நின்னுச்சா?"

"அரைமணியில நின்னுச்சாம்."

"அப்ப பொழைச்சிக்கும்" என்றாள் ஆயம்மாள். பிறகு, கத்தியைப் பார்த்தபடி, "பரவால்ல, நல்லாத்தான் பாத்திருக்க" என்றாள். சர்க்கார் வேலையைப் பற்றி அன்று பேச்சு வரவில்லை.

படித்தது இதற்குத்தானா என்ற கேள்வி அருள்மொழியை விட்டு முழுதும் போய்விடவில்லை. ஆனால் அது இப்போது அவளைக் குத்துவதில்லை, பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் வந்து உட்கார்ந்து கூடவே பயணம் செய்கிறது. மறுநாள் காலை முதல் போனில் ஒருவர் அவசரமாகப் பேசினார். அவருடைய குதிரை கம்பி வேலியில் காலைக் கிழித்துக்கொண்டிருந்தது.

"பழைய பால் டிப்போ தாண்டி பீச்சாங்கைப் பக்கம் வரச் சொல்லும்மா."

"பால் டிப்போவை இடிச்சிட்டாங்களேங்க. அங்க இப்ப நீலத் தொட்டிதான நிக்குது?"

"நீ எந்த ஊரும்மா? நம்ம ஊர்லதான் இருக்கியா?"

"பக்கத்துலதாங்க" என்றாள் அருள்மொழி. "டாக்டரை இப்பவே அனுப்பறேன். குதிரையைப் புடிச்சிக்கினு இருங்க."