பிரெட் வாங்குகிற வீடு

கோவளத்தில் எங்கள் தெருவுக்குள் யாராவது பிரெட் பொட்டலத்தோடு நுழைந்தால், பார்த்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "யாருக்கு உடம்பு?" எழுபதுகளில் எங்களுக்கு அது தின்பண்டம் இல்லை, நோயாளியின் பத்தியம். பசிக்கென்று யாரும் வாங்கமாட்டார்கள். ரொட்டி வேறு, அது பாய் கடையில் ஆசைக்குத் தின்பது. பிரெட் என்ற சொல் டாக்டர் வாயிலிருந்து வந்து எங்கள் வாயில் அப்படியே தங்கிவிட்டது.

வெள்ளைக்காரனுக்கோ அதுதான் சோறு, அதுதான் பிழைப்பு. பழைய இங்கிலீஷில் அந்தச் சொல்லுக்கு வெறும் 'துண்டு' என்றுதான் அர்த்தமாம், பின்னாளில் அகராதியில் படித்தேன். படித்து என்ன பிரயோஜனம்? எனக்கு அது நைனா படுத்திருந்த கட்டில்தான்.

நைனாவுக்கு வயிற்றில் கட்டி. கட்டுமரத்தில் போகிறவர், மீன் குழம்பு இல்லாமல் சோற்றில் கை வைக்காத மனுஷர். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். தினமும் காலையில் டாக்டர் வருவார், சீட்டைப் பார்ப்பார், "பால், பிரெட்" என்பார், போய்விடுவார். நைனா கத்துவார்.

"இன்னா கீது இதுல? பஞ்சைத் துன்ற மாரி கீது. எட்த்துகினு போ!"

எனக்கும் கோபம் வரும். "சும்மா துன்னு நைனா, பேஜாரு பண்ணாத" என்று பிய்த்துப் பாலில் தோய்த்து ஊட்டுவேன். அவர் திட்டுகிற வரைக்கும் எனக்குக் கொஞ்சம் தைரியம் இருந்தது.

பதினெட்டாம் நாள் டாக்டர் சீட்டை நெடுநேரம் பார்த்தார். "இனிமே பத்தியம் வேணாம்மா. என்ன ஆசைப்படறாரோ குடுங்க" என்றார்.

நான் ஒரு பைத்தியக்காரி, சிரித்துவிட்டேன். கட்டி கரைந்துவிட்டது என்றே நினைத்தேன். "நைனா, வஞ்சிரம் வாங்கி ஆக்கினு வரட்டா?" என்று திரும்பினால், அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோரம் சரிந்து கிடந்தாள். ஐயோ, பிழைக்கமாட்டார் என்றால்தானே அப்படிச் சொல்வார்கள்!

நைனா என் மணிக்கட்டைப் பிடித்தார். எத்தனையோ புயலைப் பார்த்தவர், அவர் கண்ணில் அப்படியொரு பயத்தை நான் கண்டதே இல்லை.

"மீனெல்லாம் வேணாம்மா. டாக்டராண்ட சொல்லு, நான் பிரெட்டே துன்றேன். இனிமே கத்தமாட்டேன், ஒழுங்கா துன்றேன்னு சொல்லு."