மெக்ரே துரையின் கம்பவுண்டர்

பிராந்தி பாட்டிலின் மூடியில் அளந்து, கல்லறையின் தலைமாட்டில் ஊற்றுகிறார் தவசி. ஒரு மூடிக்கு மேல் கிடையாது. "கூடக் குடுத்தா டாக்டருக்குக் கை நடுங்கும்." சுருட்டைப் பற்றவைத்துக் கல்லின் விளிம்பில் வைத்துவிட்டு, வேப்ப மரத்தடியில் காத்திருப்பவர்களைப் பார்த்துக் குரல் கொடுக்கிறார். "மூணாம் நம்பரு, வாங்க."

தேனி மாவட்டத்துத் தேவாரம் ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்து மாந்தோப்பின் ஓரத்தில் இருக்கிறது இந்தக் கல்லறை. உள்ளே கிடப்பவர் ஆர்ச்சிபால்ட் மெக்ரே. ஸ்காட்லாந்துக்காரர், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் டாக்டர். இருநூறு ஆண்டுகளுக்கு முன் காய்ச்சலுக்கு வைத்தியம் பார்க்க வந்து, அதே காய்ச்சலில் செத்தவர். அது இங்கே யாரையும் உறுத்தவில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் மூட்டுவலிக்காரர்களும் தூக்கம் வராதவர்களும் அவித்த முட்டையோடு வந்துவிடுகிறார்கள். தவசியிடம் டோக்கன் வாங்காமல் நோயைச் சொன்னால் துரையின் காதில் விழாதாம். யாராவது பலமாக இருமினால்கூட, "ஒங்க நம்பரு வரட்டும், அப்ப இருமுங்க" என்பார். ஊரில் அவருக்குக் கம்பவுண்டர் என்று பெயர். படைத்த முட்டைகளை மதியம் அவர்தான் சாப்பிடுகிறார். பிராந்தியைத் தொடுவதில்லை. "டூட்டில இருக்கேன்ல."

போன மாதம் கம்பவுண்டரின் காலிலேயே சர்க்கரைப் புண் வந்தது. வலது கட்டைவிரல் கறுத்துவிட்டது. ஊர் டாக்டர் ஒருவர் பார்த்துப் பதறி, ஒரு வாரத்துக்குள் தேனி பெரியாஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் காலையே எடுக்க வேண்டிவரும் என்றார். அவர் எழுதிக்கொடுத்த சீட்டைத் தவசி கையால் வாங்கவே இல்லை.

"நானே இன்னொரு டாக்டருகிட்டப் போயி நின்னா, எவன் இங்கன வந்து டோக்கன் வாங்குவான்?"

"ஒத்தக் காலு எதுக்கு, ரெண்டையும் துரைக்கே படையல் போடச் சொல்லு," என்றார் அவருடைய மனைவி சோணையம்மாள், பக்கத்து வீட்டுக்காரியான என்னிடம். புருஷனோடு அவர் பேசி மூன்று நாளாகியிருந்தது.

ஊர் ஊராகச் சுற்றிய காலத்தில், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகர நூலகம் ஒன்றில் மெக்ரேயின் கடிதங்களை நகலெடுத்து வைத்திருந்தேன். துரையின் யோக்கியதை தெரிந்தால் தவசி மனம் மாறுவார் என்று கெடுவின் ஆறாம் நாள் அவற்றைத் தூக்கிக்கொண்டு போனேன். அந்தக் காலத்தில் அங்கே சில கல்லூரிகள், இரண்டு டாக்டர்கள் சிபாரிசு செய்தால் போதும், ஆளின் முகத்தைப் பார்க்காமலே பட்டத்தைத் தபாலில் அனுப்பின. மெக்ரே வாங்கியது அந்தப் பட்டம்தான்.

"எங்க மச்சினன் மகனும் தபால்லதான் பி.ஏ. படிச்சான்," என்றார் தவசி.

எந்த நோய்க்கும் பாதரசப் பொடியைக் கொடுப்பார், ரத்தத்தை வடிப்பார் என்றேன்.

"ரத்தம் எடுக்காம என்ன டாக்டரு? இன்னைக்கும் லேப்ல மொதல்ல அதத்தான எடுக்காக."

வேறு வழியில்லாமல் கடைசிக் கடிதத்தைப் படித்தேன். சாவதற்கு நான்கு நாள் முன்பு மெக்ரே தன் அண்ணனுக்கு எழுதியது. 'என் ரத்தத்தை நானே மூன்று முறை எடுத்துவிட்டேன். இனி என்னால் ஆகாது. மதுரையிலிருந்து வேறு டாக்டரை வரச் சொல்லியிருக்கிறேன்.'

முட்டை உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. "இன்னொருக்கா படி, ஆத்தா."

படித்தேன்.

"துரையே வேற டாக்டரக் கூப்புட்டாகளா?"

"ஆமா. அந்தாளு வந்து சேர்றதுக்குள்ள இவரு முடிஞ்சிட்டாரு."

தவசி கல்லறைப் பக்கம் திரும்பினார். "லேட்டாக் கூப்புட்டிருக்காக," என்றார். துரையை அவர் குறை சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் மூன்று பேரும் தேனிக்குப் போனோம். பெரியாஸ்பத்திரியில் சீட்டுப் பதியும் பெண் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார். "எந்த டாக்டரு எழுதி விட்டாக? லெட்டர் இருக்கா?"

தவசி சட்டைப் பையிலிருந்து, நான்காக மடித்த மெக்ரேயின் கடிதத்தை எடுத்தார். மடிப்புகளைத் தொடையில் வைத்து நீவி, கம்பிக்குள்ளே நீட்டினார்.