மாமா கேட்ட ஒப்பு

ஈப்போவின் தெருக்களில் நடக்கும்போது கடைப் பலகைகளை வாசித்துக்கொண்டே போவது என் பழக்கம். பெரிய கடைகளில் பாதிக்கு, ஒரு பெயரும் அதன் பின்னால் ‘அன் சன்ஸ்’ என்றும் எழுதியிருக்கும். அப்பனும் பிள்ளைகளும் சேர்ந்த கடை என்று அர்த்தம். இங்கே வந்து இத்தனை வருடமாகியும் எனக்கு அது கண்ணை உறுத்துகிறது. எங்கள் நாஞ்சில் நாட்டு வேளாளர் வழக்கப்படி என்றால் ‘அன் மருமக்கள்’ என்றல்லவா எழுத வேண்டும்? சிரிக்காதீர்கள். ஒருவன் செத்தால் அவன் வீடும் வயலும் பெற்ற பிள்ளைக்குப் போகாது, சகோதரியின் பிள்ளைக்குப் போகும். நாங்கள் அப்படித்தான் வளர்ந்தோம்.

நான் ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கமாகச் சாமான் வாங்கும் சீனக் கடைக்காரர், ஊரில் எனக்கு வீடு உண்டா என்று மலாய் மொழியில் கேட்டார். உண்டு, மாமாவின் வீடு, இப்போது என்னுடையது என்றேன். அவருக்குப் பிள்ளைகள் இல்லையா என்றார். மூன்று பேர் என்றேன். “அனாக் ஜாஹாட்?” என்றார். பிள்ளைகள் பொல்லாதவர்களா என்கிறார். இல்லை என்று தலையாட்டினேன். செத்துப்போனார்களா என்றார். அதுவும் இல்லை. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, பொட்டலத்தைக் கட்ட ஆரம்பித்தார். அப்படியென்றால் நான்தான் பொல்லாதவன் என்று முடிவு கட்டிவிட்டார் போலிருக்கிறது. எங்கள் ஊர்க்காரன் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால், வழக்கம் தெரியாத சீனன் என்று சிரித்திருப்பான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாமா என் அம்மாவின் ஒரே தம்பி. அப்பாவைச் சின்ன வயதிலேயே இழந்த என்னைத் தன்னோடு வைத்து வளர்த்து, நாகர்கோவிலில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பினார். மருமகனைக் கவனிப்பது ஊர் மெச்சும் காரியம். ஊர் மெச்சாத காரியம் ஒன்றையும் அவர் செய்தார்: பெண்டாட்டியிடமும் பெற்ற பிள்ளைகளிடமும் பகிரங்கமாகப் பிரியம் வைத்தார். தோவாளைக்குப் போனால் மாமிக்குப் பிச்சிப்பூ இல்லாமல் திரும்ப மாட்டார். பூப்பொதியை மடியில் ஒளிக்கக்கூட மாட்டார், கையில் பிடித்துக்கொண்டே தெரு நீள நடந்து வருவார். காலையில் வாசலில் உட்கார்ந்து மூத்தவள் தங்கத்துக்குத் தானே தலை வாரிப் பின்னுவார். பின்னல் எப்போதும் இடப்பக்கம் கோணிக்கொண்டு நிற்கும். அவளும் அதை அவிழ்க்காமலே நாள் முழுவதும் திரிவாள்.

“என்னடே, ஆம்பிளைக்கு இதா ஜோலி?” என்று வயலுக்குப் போகிறவர்கள் கேலி செய்வார்கள்.

“எனக்கு இத விட்டா வேற ஜோலி தெரியாதுடே” என்பார் மாமா.

அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும்போது விஷக்காய்ச்சல் வந்தது. ஏழாம் நாள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். வீட்டையும் குளத்தடி வயலையும் பிள்ளைகள் பேருக்கு எழுத நினைத்தார். குடும்பச் சொத்து, அதனால் மருமகனான நான் சம்மதித்து ஒப்பமிட வேண்டும். எனக்கு அப்போது இருபது வயது.

“மக்கா, ஒரு ஒப்பு போட்டுத் தருவியா?” என்றார்.

போடுகிறேன் மாமா என்றேன். ஆனால் அம்மா என்னை அடுக்களைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். “ஏலே, கெடையில கெடக்கவனுக்கு இப்பம் ஒப்பு போட்டுக் குடுத்தா, நீ போன்னு நாமளே சொன்ன மாதிரில்லா ஆயிரும்? எந்திரிச்சு நடக்கட்டும், பொறவு பாக்கலாம்” என்றாள். அம்மா தம்பி மேல் உயிராக இருந்தவள்தான், அந்தப் பயம் மெய். ஆனால் அந்தப் பேச்சு எனக்கு வசதியாக இருந்தது என்பதும் மெய். அதை இங்கே எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை. மாமா மறுபடி கேட்கவில்லை. நான் அறைக்குள் போனால் என் கையை மட்டும் பார்ப்பார். பதினோராம் நாள் காலையில் போய்விட்டார்.

பதினாறாம் நாள் கழிந்ததும் மாமி மூன்று பிள்ளைகளோடு பூதப்பாண்டியில் அண்ணன் வீட்டுக்குப் போனாள். யாரும் அவளைத் துரத்தவில்லை, இரு என்றும் யாரும் சொல்லவில்லை. வண்டியில் ஏறும்போது தங்கத்தின் தலையை மாமி வாரிவிட்டிருந்தாள். பின்னல் நேராக இருந்தது. அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அடுத்த வருடமே கப்பலேறினேன். பிழைக்கப் போகிறான் என்று ஊர் சொன்னது. பிறகு சட்டம் மாறி, பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு என்றானதாகக் கேள்விப்பட்டேன். மாமாவுக்கு அது எட்டவில்லை.

அம்மா இருக்கும்வரை அந்த வீட்டில் இருந்தாள். அதைச் சாக்காக வைத்து நானும் சும்மா இருந்தேன். அவள் காலமான பிறகும் ஒரு வருடம் கடத்தினேன். சீனர் கடையிலிருந்து திரும்பிய மறுநாள்தான் எழுதத் துணிந்தேன். வீட்டையும் வயலையும் மாமாவின் பிள்ளைகளுக்குக் கொடுப்பதாகக் காகிதம் தயாராயிற்று. இங்கேயே மாஜிஸ்திரேட் துரை முன்னால் ஒப்பமிட்டபோது, கொடுப்பது யாருக்கு, தம்பி தங்கைகளுக்கா என்று துரை கேட்டார். விளக்கப் பொறுமையில்லை. ஆமாம் என்றேன். “குட் மேன்” என்று தோளில் தட்டினார். எனக்கு அவமானமாக இருந்தது. மாமா படுத்திருந்த அறைக்கும் அடுக்களைக்கும் நடுவில் பத்தடி தூரம். அதைத் தாண்ட எனக்குப் பன்னிரண்டு வருடம் பிடித்திருக்கிறது.

காகிதத்தை மாமிக்குத் தபாலில் அனுப்பினேன். சென்ற வாரம் பதில் வந்தது. தங்கம் எழுதியிருக்கிறாள், மாமி சொல்லச் சொல்ல. நன்றி என்று ஒரு சொல் இல்லை, கோபமாகவும் ஒரு சொல் இல்லை. “அத்தான், வீட்டத் தொறந்து தூத்துப் போட்டாச்சு. நீங்க பிள்ளையளோட எப்பம் வருவிய? வந்தா வேற எங்கயும் எறங்கப்பிடாது, எங்க வீட்டுலதான் எறங்கணும்னு அம்மை சொல்லுகா.”

எங்க வீடு. அந்தச் சொல்லில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். ஊரில் வீடிருந்த இத்தனை வருடமும் நான் ஒருமுறைகூடப் போகவில்லை. இப்போது அங்கே எனக்கென்று ஒரு கூரை ஓடுகூட இல்லை, கப்பல் எப்போது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். எத்தனை நாள் தங்குவோம் என்று என் மகன் கேட்கிறான். விருந்துக்குப் போகிறவர்கள் எத்தனை நாள் தங்கலாமோ அத்தனை நாள் என்று சொல்லியிருக்கிறேன்.