ஆளில்லாத கட்டடத்தில் சுலோஜனா

லிங்கநகரில் சட்டை தைக்கிற சுலோஜனாவின் வீட்டைக் கேட்டால் யாரும் காட்டுவார்கள். காட்டிவிட்டு, "யோகலிங்கம் வீட்டிலை நிண்டால் கெதியிலை வெளிக்கிட ஏலாது, பாத்துப் போங்கோ" என்று எச்சரிக்கையும் செய்வார்கள். யோகலிங்கம் அவளுடைய கணவர். துறைமுகத்துக்கு வரும் பெரிய கப்பல்களை இழுத்துவந்து மேடையோடு அணைக்கிற படகில் வேலை. அவருக்குக் கதைக்க ஒரு சாட்டும் வேண்டியதில்லை. கோதுமைக் கப்பல் வந்ததும் கதை, அந்தக் கப்பலின் சமையற்காரன் கையசைத்ததும் கதை.

வெளியாட்களை ஏற்ற அனுமதி இல்லாததால் அந்தப் படகில் சுலோஜனா ஒருநாளும் கால் வைத்ததில்லை. ஆனாலும் எந்தக் கயிறு எங்கே கிடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். தையல் மெசின் ஓட ஓட, கேட்டுக் கேட்டு மனப்பாடம். அவளுக்கு என்று சொல்ல ஒரு கதை இருக்கலாம் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளுக்கே தோன்றவில்லை.

போன வருசம் பூவேலை மாதிரிகள் பார்ப்பதற்கென்று பாவித்த மடிக்கணினி ஒன்றை வாங்கினாள். முன்பு வைத்திருந்தவர் யாரோ அதில் ஒரு விளையாட்டை அழிக்காமல் விட்டிருந்தார். அதன் சின்னம் ஏறி இறங்கும் படிக்கட்டு. சேலைக்கரைக்கு நல்ல மாதிரி என்று நினைத்து அதை அமத்தினாள். தையற்காரியின் கண்ணுக்கு எல்லாம் கரையாகத்தானே தெரியும்.

திறந்தது கரையல்ல, ஒரு கட்டடம். அதற்கு முடிவே இல்லை. சாம்பல் நிறச் சுவர்கள் மேலே போய்ப் பனிப்புகாருக்குள் மறைந்தன. கைப்பிடி இல்லாத பாலங்கள். எட்டிப் பார்த்தால் அடி தெரியாத பள்ளங்கள். ஒரு கிராமத்தையே உள்ளே வைத்துப் பூட்டலாம் போன்ற மண்டபங்கள், ஆனால் ஒரு கதிரைகூட இல்லை. எங்கோ தூரத்தில் பெரிய மெசின் ஒன்று ஓடுவது போன்ற உறுமல். சுடுவதற்கு எதிரி இல்லை, சேர்ப்பதற்குப் புள்ளி இல்லை. கையில் ஒரு சின்ன விளக்கு, நடக்க வேண்டியது மட்டும்தான்.

முதல் நாள் பயந்து மூடிவிட்டாள். இரண்டாம் நாள் அவளே தேடிப் போனாள். சட்டை தைக்கக் கொடுக்க வந்த மைமூனா எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சுலோஜனா, பேய்ப்படமா?" என்று கேட்டாள்.

"பேயும் இல்லை, ஆளும் இல்லை. ஒருத்தருமே இல்லை" என்றாள் சுலோஜனா. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோசம் மைமூனாவுக்கு விளங்கவில்லை.

எனக்கு விளங்குகிறது. சுலோஜனா பிறந்தது கிளிவெட்டியில், அக்கா தங்கைகளுக்கு நடுவில். சண்டைக் காலத்தில் முகாமில், ஒரே மண்டபத்தில், சேலைகளைக் கட்டி மறைத்துக்கொண்டு எத்தனையோ குடும்பங்கள். பக்கத்துச் சேலைக்குப் பின்னால் ஒருவர் இருமினால் இந்தப் பக்கத்தில் பிள்ளை எழும்பும். கலியாணம் கட்டி வந்த வீட்டில் மாமா, மாமி, மச்சாள்மார். பிறகு பிள்ளைகள். பெரிய மண்டபம் என்றால் நெரிசல் என்றுதான் அவள் அறிந்திருந்தாள். இப்போது முதல்முறையாக ஒரு மண்டபம் முழுவதும் அவளுக்கே கிடைத்திருந்தது. பின்னேரம் சோற்றுப் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அதற்குள் இறங்கினால், வெளியே வரும்போது தலை முழுகிய மாதிரி இருக்கும்.

ஆனால் ஒரு குறை. தனக்கென்று ஒன்று கிடைத்தும் அதைக் காட்ட ஆளில்லை. பிள்ளைகள் வெளியூரில். யோகலிங்கம் பார்க்க வேண்டும், தான் நடந்த இடமெல்லாம் அவருக்கும் தெரிய வேண்டும் என்ற ஆசை அவளை அரித்தது. ஒருநாள் அவர் படகுக் கதைக்கு நடுவில் மூச்சு விட்ட நேரம் பார்த்து, "இஞ்சருங்கோ, ஒருக்கால் வந்து பாருங்கோவன்" என்றாள்.

அவர் வந்து பக்கத்துக் கதிரையில் சாய்ந்தார். அவள் பாலத்தில் நடந்தாள், திரும்பினாள், மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் யோகலிங்கத்தின் நெற்றி வேர்த்தது. எழும்பிக் கிணற்றடிக்கு ஓடினார்.

மார்கழிக் கடலில், மற்றவர்கள் எல்லாம் குடலைக் கக்கும்போது, பாணும் சம்பலும் சாப்பிட்டவர் என்று பெயர் எடுத்த மனிதர். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, "மத்தியானத்து மீன் சரியில்லை" என்றார்.

"நானும் அதைத்தானே சாப்பிட்டனான்."

"எண்டால் அந்தப் படம்தான். அது ஆடுது, கதிரை ஆடேல்லை. தலை சுத்தி சத்தி வருது. கடல் அப்பிடிக் குழப்பாதப்பா."

அடுத்த நாளும் முயன்றார், அதற்கடுத்த நாளும் முயன்றார். கிணற்றடிதான் மிச்சம். "இனி எனக்கு ஏலாது, சுலோ" என்று அவர் சொன்னபோது அவள் "பரவாயில்லை" என்றாள். பரவாயில்லை என்பது பொய். அன்று குசினியில் தேங்காய் துருவும்போது அவளுக்கு அழுகை வந்தது. ஒரு விளையாட்டுக்காக அழுகிறோமே என்று வெட்கமும் வந்தது.

அழுததை அவர் கண்டாரோ இல்லையோ, மறுநாள் பின்னேரம் கதிரையைத் தூக்கிவந்து அவளுக்குப் பக்கத்தில், திரைக்கு முதுகு காட்டிப் போட்டார். வாசலைப் பார்த்தபடி அமர்ந்தார். "நீர் நடவும். எங்கை நிக்கிறீர் எண்டு சொல்லும். நான் கேக்கிறன்."

அவள் மவுசை மெல்ல நகர்த்தினாள். "ஒரு படிக்கட்டு... பெரிசு" என்றாள்.

"எவ்வளவு பெரிசு? எங்கடை படகை நிப்பாட்டலாமோ?"

"உங்கடை படகு ஒரு படிக்குள்ளை அடங்கும்."

அவர் சீழ்க்கை அடித்தார். அப்படித்தான் அவளுக்குக் கதை வந்தது. நாளாக ஆக, சுவரின் ஈரம், காலடியின் எதிரொலி, விளக்கு படாத மூலைகள் என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். இடைக்கிடை, "அப்ப நீர் வந்த பக்கத்தையே பாத்துக்கொண்டு நிக்கிறீர்" என்பார். சரியாகத்தான் இருக்கும். இருட்டில் கப்பலைத் திருப்பிப் பழகியவருக்குத் திசை மண்டைக்குள் இருந்தது.

அவளால் போக முடியாத ஓர் இடம் இருந்தது. எல்லாப் பாலங்களும் சேருமிடத்தில் நிற்கும் உயர்ந்த கோபுரத்தின் உச்சி. அடியைச் சுற்றி அகன்ற பாதை ஒன்று போகும். அதில் எப்போது நடந்தாலும் கீழே இறக்கி, தண்ணீர் தேங்கிய மண்டபங்களுக்குள் அலைய விட்டு, மறுபடி பாலத்தடியிலேயே கொண்டுவந்து விடும்.

"பாலம் முடிய எந்தப் பக்கம் திரும்புறீர்?" என்று ஒருநாள் யோகலிங்கம் கேட்டார்.

"இடக்கைப் பக்கம்."

"நேற்றும் இடக்கைதானே. வலக்கைப் பக்கம் என்ன கிடக்கு?"

அவள் சட்டையில் ஒட்டியிருந்த நூலொன்றைப் பிய்த்தெடுத்தாள்.

"என்ன, போய்ப் பாக்கேல்லையோ?"

"அதெப்பிடிப் போறது?" என்றாள் சுலோஜனா மெதுவாக. "கோபுரம் எங்கடை வலக்கைப் பக்கமெல்லோ நிக்கவேணும்."

யோகலிங்கத்துக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. விளங்கியதும் கதிரை குலுங்கச் சிரித்தார். இத்தனை கிழமையும் இவள் அந்தக் கட்டடத்தைக் கோயிலைப் போல வலம் வந்துகொண்டிருக்கிறாள்.

"அது கோயில் இல்லையப்பா."

"எண்டாலும் இவ்வளவு பெரிசாய் நிக்குதே. இடஞ்சுத்துறது செத்த வீட்டுச் சடங்கிலைதான். எனக்கு மனம் வரேல்லை."

அவர் சிரிப்பை நிறுத்தினார். கொஞ்சம் யோசித்தார். "உள்ளை எங்கேயாவது விளக்கு எரியக் கண்டனீரோ?"

"இல்லை. என்ரை கையிலை இருக்கிறதுதான்."

"சாமி இருந்தால் ஒரு திரியாவது எரியும். பயப்பிடாமல் திரும்பும்."

சுலோஜனா இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். தப்புச் செய்வதற்கு முன்பே மன்னிப்புக் கேட்பவர்களை எந்தச் சாமியும் பெரிதாகக் கோபிக்காது என்பது என் எண்ணம். பிறகு வலக்கைப் பக்கம் திரும்பினாள். பாதை மேலே ஏறியது.

ஏறிக்கொண்டே இருந்தது. "ஏறுது... இன்னும் ஏறுது..." என்று சொல்லிக்கொண்டே போனாள். புகார் மெலிந்தது. உறுமல் கீழே போய் அடங்கியது. கடைசி வளைவு தாண்டியதும் அவளுடைய பேச்சு நின்றுவிட்டது.

"என்ன? விழுந்திட்டீரோ?"

"இல்லை. உச்சியிலை நிக்கிறன்."

"என்ன தெரியுது?"

சொல்ல வாயெடுத்தாள். சொல்ல விருப்பமில்லை. இதைச் சொல்லிக் கேட்கக் கூடாது, பார்க்க வேண்டும். அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. ஆடுவது கட்டடம் இல்லை, நடக்கிற அவள்தான். இத்தனை நாளும் இருவர் புத்திக்கும் அது எட்டவில்லை.

அவள் மவுசிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்தாள். "இப்ப திரும்பிப் பாருங்கோ. நான் அசையமாட்டன்."

யோகலிங்கம் கதிரையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்லத் திரும்பினார். திரையில் எல்லாம் அப்படியே நின்றது. கீழே, கண் போகும் தூரம் வரை, பாலங்களும் படிகளும் கூரையில்லா மண்டபங்களும், ஒன்றுக்குள் ஒன்று இறங்கிப் போய்க்கொண்டிருந்தன. எங்கும் ஒரு மனித உருவம் இல்லை. மேலே முதன்முறையாக வெளிறிய வானம்.

அவர் வெகுநேரம் பார்த்தார். வேர்க்கவில்லை.

"இவ்வளவு தூரமும் நீர் தனியவோ நடந்தனீர்?" என்று கேட்டார்.

இப்படி ஒரு கேள்வியைச் சுலோஜனாவிடம் யாரும் கேட்டதில்லை. விரலைத் திரையில் வைத்து, தூரத்தில் நூல் போலத் தெரிந்த பாலம் ஒன்றைக் காட்டினாள்.

"அந்தா, அதிலைதான் முதல் நாள் நிண்டனான். நல்லாப் பயந்து போனன்" என்று தொடங்கினாள். தேத்தண்ணி ஆறிப்போகும் வரை கதைத்தாள். யோகலிங்கம் குறுக்கே ஒரு சொல்லும் பேசவில்லை.