முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போன சாப்பாடு

சைனிக்புரி புருஷோத்தமனுக்கு எந்த ஹோட்டலையும் ஒரே சாப்பாட்டோடு கைவிட மனம் வராது. கருணை என்று நினைத்துவிட வேண்டாம். ராணுவத்துக்கு வரும் சரக்கைத் தரம் பார்க்கும் வேலையில் முப்பத்தொரு வருடம் இருந்தவர். முதல் சோதனையில் தேறாத சரக்குக்கு இரண்டாவது சோதனை உண்டு. தேதி குறித்து முன்கூட்டியே கம்பெனிக்குக் கடிதம் போகும். ஓய்வு பெற்றதும் அந்த விதி ஹோட்டல்கள் மேல் பாய்ந்தது.

மாரெட்பள்ளியில் புதிதாய்த் திறந்த ஹோட்டலில் கூட்டு ஊசிப்போயிருந்தது. முதலாளி ஸ்ரீனிவாஸைக் கூப்பிட்டார். "அடுத்த சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு வருவேன். இன்னொரு சான்ஸ் தரேன்."

"தப்பகுண்டா ரண்டி சார், கட்டாயம் வாங்க" என்றார் அவர், உள்ளூர்த் தெலுங்கும் தமிழும் கலந்து.

சனிக்கிழமை என்ன நடக்கும் என்று மனைவி கல்பகத்துக்குத் தெரியும். நடந்தது. ஜன்னலோர மேஜை, நுனி இலை, கரண்டியோடு முதலாளியே பக்கத்தில். "பாஸ்" என்றார் புருஷோத்தமன், முத்திரை குத்துகிற முகத்தோடு. பிறகு எதிரே இருந்த கல்பகத்திடம், "உன் அறுபதாவது பிறந்தநாள் சாப்பாடு இங்கேதான்."

கல்பகத்துக்குச் சுருக்கென்றது. பிறந்தநாள் அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் தஞ்சாவூரிலிருந்து அக்கா அபயாம்பாள் குடும்பத்தோடு வருகிறாள், பதினாறு வருடம் கழித்து. "அந்த ஊர்ல என்னத்தைத் தின்னு உயிர் வாழறியோ" என்று போனில் வாரம் தவறாமல் குத்துகிறவள். அவளுக்கு ஒரு வேளையாவது வாய்க்கு விளங்குகிற சோறு போட்டாக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை, புருஷோத்தமனிடம் சொல்லாமல், பக்கத்து வீட்டு உஷாவோடு ஆட்டோ பிடித்து அதே ஹோட்டலுக்குப் போனாள். ஒரு வாய் வைத்ததும் உஷா இலையைத் தள்ளினாள்.

"நக்கோ ஆன்ட்டி, வேண்டாம். இதையா அங்கிள் பாஸ் பண்ணாரு?"

"அவருக்கு வச்சது வேற. இது ஜனங்களுக்கு."

சாம்பாரை மட்டும் பார்சல் வாங்கி வந்து, வீட்டுப் பாத்திரத்தில் சூடாக்கி, அவருக்குப் பரிமாறினாள். அவர் முகம் கோணிற்று.

"நேத்து சாம்பாரா? வர வர உனக்குக் கவனமே இல்லை, கல்பகம்."

வீட்டுச் சமையலுக்கு அவர் ஒருநாளும் இரண்டாவது சோதனை வைத்ததில்லை.

"இது மாரெட்பள்ளி சாம்பார். நீங்க பாஸ் பண்ணினது."

பிசைந்த கை நின்றது. வெட்கப்படுவார் என்று ஒரு நொடி நம்பினாள், பாவம்.

"சொல்லாமப் போனியா? முன்கூட்டிச் சொல்லாம எடுத்த சாம்பிள் செல்லாது. நான் ஸ்ரீனிவாஸ் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"எங்கக்காவுக்கும் லெட்டர் போட்டுட்டுத்தான் வயிறு கெடணுமா?"

புருஷோத்தமன் கையைக் கழுவிவிட்டு ஸ்ரீனிவாஸுக்குப் போன் போட்டார். மூன்றாவது சோதனை. ஞாயிறு, பன்னிரண்டரை. பிறந்தநாளும் அன்றே என்பது அவருக்குச் சௌகரியமாகவே பட்டது.

கல்பகம் சமையலறையில் நின்று, உஷா வழக்கமாகப் போகிற லோத்குண்டா ஹோட்டலை அழைத்தாள். ஞாயிறு மதியம் எத்தனை பேர் என்று கேட்டார்கள். விரல் விட்டு எண்ணினாள். அக்கா வீட்டார் ஆறு பேர், உஷா, தான்.

"எட்டு பேர்" என்றாள். கூடத்தில் புருஷோத்தமன் இன்னும் ஸ்ரீனிவாஸிடம் போனில், அப்பளம் நொறுங்காமல் வர வேண்டும் என்று கறாராகச் சொல்லிக்கொண்டிருந்தார்.