தெருமுனை வரை வந்த ஜெபமணி

போன வெள்ளிக்கிழமை காலையில் ஜெபமணியின் மகள் போடியிலிருந்து போன் செய்தாள். "அத்தை, நல்லா இருக்கீங்களா?" என்றாள். "இருக்கேம்மா" என்றேன். அதற்குப் பிறகுதான் அழுதாள். அவள் அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாளாம். சாவைச் சொல்ல வந்தாலும் முதலில் நலம் விசாரிப்பதுதான் நம் பக்கத்து வழக்கம். அந்த வழக்கத்தோடு ஆயுள் முழுக்க மல்லுக்கு நின்றவள் ஜெபமணி. அவளை அறிந்தவர்களுக்கு அது தெரியும்.

ஐம்பதுகளில், மதுரையில் நானும் அவளும் படித்த கல்லூரியின் பேராசிரியர் ஒருவர் ஏலக்காய்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைப் பற்றி ஆய்வு செய்தார். கூலி, வேலை, குடும்ப வாழ்க்கை, மன நிம்மதி என்று எல்லாவற்றையும் வீடு வீடாகக் கேட்க வேண்டும். ஆண்கள் மலைமேல் தோட்டத்தில். பெண்டு பிள்ளைகள் அடிவாரத்தில். பெண்களிடம் பெண்கள்தான் கேட்க முடியும் என்று எங்கள் இருவரையும் அனுப்பினார். அவள் போடியில் ஏலக்காய் வியாபாரி வீட்டுப் பெண். நான் மதுரைக்காரி, கையில் கடிகாரம், காலில் அவசரம். மெதுவாக நடக்கிற அவளோடு போவதற்குள் எனக்கு உயிர் போய்விடும்.

மலைமேல் குடும்பங்களுக்கும் வீடு கட்டுவதா வேண்டாமா என்று தோட்ட முதலாளிகள் அப்போது யோசித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் அறிக்கையைப் பார்த்து முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். எங்களுடைய கடைசிக் கேள்வி, "வாழ்க்கை எப்படி இருக்கிறது?" கேட்ட வீட்டிலெல்லாம் ஒரே பதில்: "ஒரு குறையும் இல்ல தாயி." பேராசிரியருக்கு ஏக சந்தோஷம். பிரிந்திருந்தாலும் குடும்பங்கள் நிறைவாகவே இருக்கின்றன என்று எழுதவே ஆரம்பித்துவிட்டார்.

அடிவாரத்தில் குரங்கணி என்ற ஊரில் பேச்சியம்மாள் என்ற பெண்ணின் வீடு. மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அங்கேயும் ஒரு குறையும் இல்லை. பஸ்சுக்கு நேரமாகிவிட்டது என்று நான் எழுந்தேன். பேச்சி எங்களை வழியனுப்பத் தெருமுனை வரை வந்தாள். ஜெபமணி அன்று வழக்கத்தைவிட மெதுவாக நடந்தாள். முனையில் நின்று, செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்தவள் நிமிரவே இல்லை.

பேச்சி தானாகவே பேசினாள். "எம் மகனுக்கு அவுக அப்பாவ அடையாளம் தெரியல தாயி. மலையிலருந்து வந்தாருன்னா வேத்தாளுன்னு அழுகுறான். மனுசன் சொந்த வீட்டு வாசல்லயே முழிச்சுக்கிட்டு நிக்கிறாரு. நானும் மேல வந்து காய் பறிக்கிறேன், தங்க ஒரு கூரை குடுங்கன்னா யாரு கேக்குறா?"

பஸ் போய்விட்டது. ஏலக்காய் லோடு ஏற்றி வந்த லாரியில் இடம் கேட்டுப் போடிக்குத் திரும்பினோம். வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டே வந்தேன். அவள் சிரித்தாள். "வீட்டுக்குள்ள வச்சுக் குறை சொன்னா வீட்டுக்கு ஆகாதுன்னு வாயைத் தொறக்க மாட்டாக, சரசு. வழியனுப்ப வரும்போதுதான் மனசு தொறக்கும். நீ கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு முன்னால ஓடிட்டா யார்ட்டடி சொல்லுவாக?"

பேராசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. தெருவில் சொன்னதையெல்லாம் ஆய்வில் சேர்க்க முடியாது என்றார். ஜெபமணி அவர் மேசைக்கு முன்னால் நின்று, "ஐயா, உள்ள சொன்னது நமக்குக் குடுத்த மரியாதை. வெளிய சொன்னதுதான் பதில்" என்றாள். அவர் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு மறுபடியும் போய் வரச் சொன்னார். பொட்டிபுரம், ராசிங்காபுரம் என்று எல்லா ஊர்த் தெருமுனைகளிலும் நின்றோம். அறிக்கையில் 'நிறைவாகவே இருக்கின்றன' என்ற அந்த வாக்கியம் மாறியது.

ஆனாலும் ஒரே ஒரு தோட்டத்தில்தான் வீடு கட்டினார்கள். பேச்சியின் கணவர் வேலை பார்த்தது வேறு தோட்டத்தில். ஜெபமணி விடவில்லை. அந்த ஒரு தோட்டத்து முதலாளி அவள் அப்பாவிடம் ஏலக்காய் விற்கிறவர். பேச்சி குடும்பத்துக்கு அங்கே வேலையும் வீடும் கேட்டு அவரிடம் சிபாரிசு செய்யச் சொல்லி, அப்பா மசிகிற வரைக்கும் அப்பாவோடு பேச்சையே நிறுத்திவிட்டாள். அடுத்த பறிப்புக்குப் பேச்சி மகனைத் தூக்கிக்கொண்டு மலையேறினாள்.

என் கணவர் இறந்த பிறகு ஒருமுறை போடிக்குப் போயிருந்தேன். "எப்படிடி இருக்க?" என்றாள். "நல்லாத்தான் இருக்கேன்" என்றேன். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. காபி கொடுத்தாள், பழைய கதை பேசினாள். நான் கிளம்பியதும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு கூடவே வந்தாள். முனையில் ஒரு ஆட்டோ வந்தது, வேண்டாமென்று அனுப்பினாள். இன்னொன்றையும் அனுப்பினாள். எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் அடக்க முடியவில்லை. "வீட்டுல பேச ஆளில்ல ஜெபா" என்று நடுத்தெருவில் நின்று அழுதேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதச் சொல்ல இம்புட்டுத் தூரம் நடக்க விட்டியே, முட்டி வலிக்குதுடி" என்றாள். அழுகையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

சனிக்கிழமை கல்லறைத் தோட்டம் வரை அவளுக்குப் பின்னால் நடந்தேன். அந்தத் தெருமுனையில் என் கால் தானாக நின்றது. கூட வந்தவர்கள் எனக்கு முடியவில்லையோ என்று பயந்துவிட்டார்கள்.

கடிகாரம் கட்டுவதை விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் வீட்டுக்கு வருகிறவர்கள் "நல்லா இருக்கோம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால், நானும் செருப்பை மாட்டிக்கொண்டு அவர்களோடு இறங்கிவிடுகிறேன்.