கொழும்புச் செம்பருத்தியும் காத்தாயியும்

1936-இல் கொழும்பிலிருந்து ராயவரத்துக்கு வந்த செட்டியார் ஒருவர், மனைவி உண்ணாமலை ஆச்சிக்கு இரண்டு செம்பருத்திக் கன்றுகள் கொண்டுவந்தார். ஒன்று மஞ்சள், மற்றது வெளிர் ரோஜா. அந்த ஊர் அதுவரை சிவப்புச் செம்பருத்தியைத்தான் கண்டிருந்தது. செட்டியார் மறுபடி கப்பல் ஏறிவிட்டார். செடிகள் வளர்ந்து பூத்தன. மஞ்சள் பூவை யாரும் பறிக்கக்கூடாது என்பது ஆச்சியின் கட்டளை.

ஒருநாள் காலையில் பூ ஒன்று குறைந்திருந்தது.

“மஞ்சப் பூவப் பறிச்சது யாரு?”

தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் காத்தாயி வாளியைக் கீழே வைத்தாள். “நாந்தான் ஆச்சி.”

“ஒன் கொண்டையில வச்சுக்கறதுக்கா?”

“இல்லிங்க ஆச்சி. அதுல இருக்க பொடிய ரோசா நெறச் செம்பருத்தியில தொட்டு வச்சேன். வண்டு வராதப்ப எங்க கொல்லையில பூசணிக்கு இப்பிடித்தான் செய்வோம். இல்லாட்டி பிஞ்சு நிக்காது.”

“செம்பருத்தி எங்கயாச்சும் காய்ச்சிருக்கா?”

“நானும் பாத்ததில்லிங்க. அதான் தொட்டுப் பாத்தேன்.”

இனிச் செடியில் கை வைத்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆச்சி உள்ளே போனார். காத்தாயி தலைகுனிந்து தண்ணீர் இறைத்தாள். ஆனால் தினமும் ஓரக்கண்ணால் பொடி தொட்டு வைத்த கிளையைப் பார்த்துக்கொண்டாள். பத்தாம் நாள் ஆச்சியே கூப்பிட்டார்.

“இங்கிட்டு வா காத்தாயி. இது என்ன?”

பூ உதிர்ந்த இடத்தில் பாசிப்பச்சையாய்ச் சுண்டைக்காய் அளவில் ஒரு காய்.

அன்று முதல் அணில் வராமல் காவல் இருந்தது ஆச்சிதான். காய் முற்றி வெடித்தது. ஒன்பது விதைகள். நான்கு முளைத்தன, ஒன்று பட்டுப்போயிற்று. மிச்சம் மூன்றும் பூக்க இரண்டு வருடம் ஆயிற்று. முதல் செடி ஊர்ச் செம்பருத்தி போலவே சிவப்பாய்ப் பூத்தது. இரண்டாவதும் அப்படியே. ஆச்சி மூன்றாவது செடிக்குக் காவல் இருந்தார். காத்தாயிக்குத்தான் சோறு இறங்கவில்லை.

தை பிறந்து நாலாம் நாள் மூன்றாவது செடி பூத்தது. பழுத்த மாம்பழத்தின் நிறம், நடுவில் குங்குமச் சிவப்பு. காத்தாயி ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள், மறுபடி துடைத்தாள், தொடத் துணியவில்லை.

“தொடு. ஒன் பூதானே,” என்றார் ஆச்சி.

அடுத்த வாரமே தண்ணீர் இறைக்க வேறு ஆள் வந்தது. பின்கட்டுத் தோட்டம் காத்தாயி பொறுப்புக்கு வந்தது. யுத்தம் வந்து கப்பல்கள் நின்றபோது கொழும்பிலிருந்து கன்றுகள் வருவதும் நின்றது. சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் புது நிறம் வேண்டுமென்றால் காத்தாயியிடம் வந்தார்கள். 1945-இல் அவளிடம் பதினோரு நிறங்கள் இருந்தன.

பொன்னமராவதியிலிருந்து ஒருவர் கொடுத்த அடுக்குச் செம்பருத்தி மட்டும் அவளுக்கு வசப்படவில்லை. இதழ் மேல் இதழாய் இருந்த பூவில் பொடியே அகப்படவில்லை.

“நாலு வருசமாச்சே, விட்டுத் தொலையேன்,” என்றார் ஆச்சி.

“இன்னைக்கு ஒரு பூவுல ரெண்டு துளி பொடி இருந்துச்சு ஆச்சி,” என்றாள் காத்தாயி. “தொட்டு வச்சிருக்கேன்.”